பச்சை டிக்கும் ஒரு மிஸ்டு காலும்

மக்கா,

பெங்களூர் போய்ச் சேர்ந்ததும் நீ அனுப்பிய செய்தி வந்தது. ‘ரீச்டு’ என்று ஒரே ஒரு சொல். சாப்பிட்டாயா, அறை எப்படி, லில்லி மாமியைக் கூப்பிட்டாயா என்று நான் நாலு வரி திருப்பி எழுதினேன். நீ அதைப் படித்தாய் என்பதற்கு நீல டிக் விழுந்தது. பதில் மட்டும் வரவில்லை. அதனால்தான் இதை உன் போனுக்கு அனுப்பாமல் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். உனக்குத் தனியாக அனுப்பினால் மியூட்டில் போட்டுவிடுவாய். எழுதலாமா என்று, உனக்கு மாமியும் எனக்கு அக்காவுமான லில்லியிடம் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். “எழுது பிள்ளே, போட்டோ மட்டும் போடாத. மொகம் வீங்கிக் கெடக்கு” என்றாள். அம்மாக்கள் பிள்ளைகளுக்கு எழுதுகிற கடிதத்தில் ‘நாளைக்கு நான் இல்லாதபோது’ என்று ஒரு வரி வரும். அப்படி எழுத எனக்கு இன்னும் வயதாகவில்லை. படிப்பு முடிகிறதற்குள் கல்யாணம், அடுத்த வருஷம் நீ. இப்போதும் கல்யாண வீடுகளில் நாம் சேர்ந்து நின்றால் அக்காவும் தம்பியுமா என்று கேட்கிறார்கள். நாளைக்கும் நான் இருப்பேன். இந்த ஊரில், அந்த ரோட்டில், லில்லி அக்கா வீட்டைத் தாண்டித்தான் நடப்பேன். உனக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

உனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது எந்த ஆப் என்று உன் புதிய ஆபீஸில் தெரியும். அது எதற்காகச் செய்தது என்பதை நீ அங்கே எப்படிச் சொன்னாயோ, எனக்குத் தெரியாது. நான் சொல்கிறேன். நம் எல்லைப்புறக் கிராமங்களிலிருந்து நெய்யாற்றின்கரைக்கு டயாலிசிஸ் போகிறவர்களை ஷிபு தன் ஆம்னி வேனில் கொண்டுபோய்க் கொண்டுவருவான். செங்கல் என்கிற ஊரிலிருந்து வருகிறவன். ஆப் வருவதற்கு முன்னால் எல்லாம் மிஸ்டு காலில்தான் நடந்தது. போக வேண்டியவர்கள் முந்தின நாள் சாயங்காலம் ஷிபுவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்கள். வண்டியில் இடம் இருந்தால் அவன் திருப்பி ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். ஒரு மணி அடித்து நின்றால் வண்டி உண்டு. மணி வராவிட்டால் வேறு ஆளைப் பார்க்க வேண்டும். கால் இலவசமாகி எவ்வளவோ காலம் ஆன பிறகும் அவர்கள் அதை விடவில்லை, பேசுகிறதற்கு அங்கே என்ன இருக்கிறது? ஆட்கள் கூடினபோது ஷிபுவுக்கு யார் எந்த நேரம் என்று குழம்பத் தொடங்கியது. “சேச்சி, எனக்கு ஒரு வழி செய்து தரணும், தலை கறங்குது” என்று அவன் வந்து கேட்டான். அப்படித்தான், ஊரில் வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்த நான் இந்த ஆப்பை எழுதத் தொடங்கினேன். கோயிலில் ஆராதனை முடிந்து அறிவிப்பு வாசிக்கிறபோது போதகர் இந்த ஆப்பைப் பற்றியும் வாசித்தார். ஷிபு வண்டியில் டயாலிசிஸுக்குப் போகிற லில்லி அக்கா வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ செய்ததாக்கும் இல்லியா, அப்பம் எனக்குப் பேடியில்ல, பயமில்ல” என்றாள். நீயும் பக்கத்தில் நின்றாய். உன் தோளைத் தட்டி, “எலே, சின்ன நிக்கரு தைச்சுத் தந்த மாமிய மறக்காத என்னா” என்று சிரித்தாள்.

அந்த ஆப்பில் நான் ஒரே ஒரு விஷயத்தில்தான் பிடிவாதமாக இருந்தேன். வண்டி கேட்டு அமுக்கினால் திரை மஞ்சளாகும். ஷிபு தன் போனில் ‘வாறேன்’ என்கிற பட்டனை அமுக்கின பிறகுதான் பச்சை டிக். அவன் அமுக்காத வரை மஞ்சள் மஞ்சளாகவே கிடக்கும். திருப்பி வருகிற மிஸ்டு காலைத்தான் நான் திரையில் வைத்தேன், வேறொன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நீ படிப்பு முடிந்து வந்து, நிறம், எழுத்து, இடம் காட்டுகிற வேலை எல்லாம் செய்தாய். அழகாகத்தான் செய்தாய். அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் மஞ்சள் உனக்குப் பிடிக்கவில்லை. “பாக்க டல்லா இருக்கும்மா. பெரிய ஆப் எல்லாம் அமுக்கின ஒடனே டிக் காட்டும், பின்னால பைய வேலை நடக்கும்” என்றாய். நான் வேண்டாம் என்றேன். “ஒனக்கு வெப்ராளம் கூடுதலாக்கும்” என்றாய். உண்மைதான் மக்கா, எனக்கு எல்லாவற்றுக்கும் பதற்றம், வெப்ராளம்தான். கேஸ் அடைத்தேனா என்று வாசல்வரை போய்த் திரும்பி வருகிறவள் நான். ஆனால் நீ சொன்ன அந்தப் பெரிய ஆப்களிலும் டிக்குக்குப் பின்னால் ஒருவன் வெப்ராளத்தோடு உட்கார்ந்திருக்கிறான். முதலில் டிக் காட்டுவான். பின்னால் வேலை தோற்றுப்போனால் அந்த டிக்கை எடுத்துவிட்டு, ‘நடக்கவில்லை, திரும்ப முயற்சி செய்’ என்று சொல்வான். நீ முன்பாதியை மட்டும் பார்த்து எழுதினாய். பெங்களூர் இன்டர்வியூவுக்கு முந்தின நாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், புதிய பதிப்பை எல்லோருடைய போனுக்கும் அனுப்பிவிட்டாய். அமுக்கினால் உடனே பச்சை. இன்டர்வியூவில் அது பார்க்க நன்றாக இருந்திருக்கும்.

அதே பதிப்பில் இன்னொன்றும் செய்திருந்தாய். எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு அப்பால், தமிழ்நாட்டுப் பக்கம் இருந்து சிலர் வண்டி கேட்கிறார்கள், தன் வண்டிக்குக் கேரள பெர்மிட் மட்டும்தான் என்று ஷிபு உன்னிடம் சொல்லியிருந்தான். நியாயமான காரியம்தான். அதற்கு நீ என்ன செய்தாய்? போன் எந்த மாநிலத்தில் நிற்கிறது என்று பார்த்து, தமிழ்நாடு என்றால் கேட்டதைத் தள்ளிவிடு என்று எழுதினாய். ஆள் பதிவு செய்தபோது கொடுத்த வீட்டு விலாசத்தைப் பார்க்கவில்லை, அந்த நிமிஷம் போன் என்ன சொல்கிறதோ அதைப் பார்த்தாய். எல்லையே தெரியாத ஏதோ ஊரில் பிறந்த ஒருவன் இதைச் செய்திருந்தால் எனக்குக் கோபமே வராது. நீ இந்த எல்லையில் இரண்டு சிம் போட்டு வளர்ந்தவன். ரேஷன் கார்டில் கேரளம், போன் திரையில் பாதி நாள் தமிழ்நாடு. முற்றத்தில் நின்றால் ஒரு மாநிலம், கிணற்றங்கரைக்குப் போனால் இன்னொரு மாநிலத்து டவர் வரவேற்கிறோம் என்று செய்தி அனுப்பும். அதைக் காட்டிக் காட்டி நீயே உன் கூட்டுகாரர்களோடு சிரித்திருக்கிறாய்.

அந்தப் பதிப்பு வந்த பிறகு டயாலிசிஸுக்குப் போக வேண்டிய அன்றைக்கு நடந்ததை லில்லி அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கட்டிலில் சாய்ந்துகொண்டு சொன்னாள். “விடியக்காலம் குளிச்சு, ஆஸ்பத்திரி பைலயும் எடுத்து ரோட்டுல வந்து நிக்கேன். போன தொறந்து பாக்கேன், பச்ச உண்டு. ஷிபு லேட்டாயிருப்பான்னு நெனச்சேன். பின்னேயும் பாக்கேன், பச்ச உண்டு. பச்ச இருக்கப்ப என்னத்துக்கு அவன விளிச்சு எரிச்சல்படுத்தணும்?” ஷிபுவுக்கு அவள் கேட்டதே தெரியாது. அவன் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு வேறு ரோடு வழியாகப் போய்விட்டான். வெயில் ஏறின பிறகு அவளே ஆட்டோ பிடித்துப் போனபோது அவளுடைய நேரம் முடிந்து மெஷினில் வேறு ஆளைப் படுக்க வைத்திருந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, அங்கேயும் வரிசையில் உயிர்கள்தான். மறுநாள் வரச் சொன்னார்கள். அந்த ராத்திரியே மூச்சு முட்டி, காட்டாக்கடையிலிருந்து மகள் வண்டி பிடித்து ஓடி வந்து தூக்கிக்கொண்டு போனாள். நுரையீரலில் தண்ணீர். ஐசியூவில் கிடந்தாள். பிழைத்துவிட்டாள். இப்போது தையல் மெஷினை மிதிக்க முடியவில்லை. பாதி தைத்த பிளவுஸ்களை வாங்கிப் போக ஆட்கள் வருகிறார்கள். அவள் எழுந்து எடுத்துக் கொடுக்கக்கூட முடியாமல், “அந்தக் கவருல இருக்கு, நீயே பாரு” என்கிறாள்.

விஷயம் தெரிந்த அன்று உன்னிடம் கேட்டேன். நீ லேப்டாப்பைத் திருப்பி, ஆப்பின் பிழைகளைப் பட்டியலிடுகிற டேஷ்போர்டைக் காட்டினாய். “பாரும்மா, டேஷ்போர்டுல ஒரு எர்ரர் கூட இல்ல. மாமி பட்டன அமுக்கியிருக்க மாட்டா.” அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கடிதம் இவ்வளவு கசப்பாக இருக்கிறது. நீ ஒன்பதாம் வகுப்பு படிக்கிறபோது ஒரு கல்யாண மண்டபத்தின் வெப்சைட் வெறும் வெள்ளைப் பக்கமாக வந்து நின்றது, ஞாபகம் உண்டா? எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போடலாம் என்றாய். நான் உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, பிரவுசரில் பிழைகள் வந்து விழுகிற இடத்தைத் திறந்து, சிவப்பு வரிகளில் முதல் வரியை மட்டும் படிக்கச் சொன்னேன். கீழே வருகிறவை எல்லாம் அடி வாங்கி அழுகிறவை, அடித்தது யாரென்று முதல் வரிதான் சொல்லும் என்றேன். அப்புறம் தனுவச்சபுரம் டியூஷன் சென்டரில் பிள்ளைகளுக்குப் பழைய பரீட்சை டைம்டேபிளே தெரிகிறது என்று சார் கூப்பிட்டார். நீ போனை எடுத்து, “ரெப்ரெஷ் பண்ணுங்க சார்” என்று வைத்துவிட்டாய். போன்கள் பழைய பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு அதையே காட்டிக்கொண்டிருந்தன. நான் அந்தக் கோப்பின் பெயரோடு பதிப்பு எண்ணைச் சேர்த்து, புதியதைப் போய் எடுக்கும்படி செய்தேன். ஒரு பிள்ளையும் ரெப்ரெஷ் செய்ய வேண்டியிருக்கவில்லை. பயன்படுத்துகிறவர்கள் செய்ய வேண்டும் என்று நாம் சொல்கிற பாதிக் காரியம் நாம் செய்யாமல் விட்ட வேலை. ஆப்பில் யாராவது வண்டி கேட்டால் ஷிபுவின் போனில் மணி அடிக்கவில்லை என்றபோதும் நீ வீட்டில் இருந்தபடி உன் போனில் சோதித்து, “எனக்கு அடிக்குதே” என்றாய். நான் போய் அவன் வேனில் உட்கார்ந்து, அவன் போனை, அவன் வைக்கிற மாதிரியே திரையை அணைத்து ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்துப் பார்த்தேன். பேட்டரியை மிச்சம் பிடிக்கிற அமைப்பு நம் ஆப்பை உறங்க வைத்திருந்தது. எந்தப் போனில் கெட்டதோ அந்தப் போனை, கெட்ட இடத்தில், கெட்ட நேரத்தில் கையில் வாங்கிப் பார். இதை நான் உனக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்.

லில்லி அக்கா வீட்டுக்கு நீ வரவில்லை, நான்தான் போனேன். எங்கே இருந்து அமுக்கினாய் என்று கேட்டேன். “அடுக்களையில. சார்ஜ் குத்துற எடம் அங்கதானே உண்டு” என்றாள். போனை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். கான்கிரீட் கூரைக்குக் கீழே போனின் ஜிபிஎஸ்ஸுக்கு வானம் கிடைக்கவில்லை. பக்கத்து டவரை வைத்துத் தன் இடத்தை ஊகித்துக்கொண்டது. பக்கத்து டவர் எல்லைக்கு அப்பால். கையிலேயே ஒரு செய்தி வந்து விழுந்தது, தமிழ்நாட்டுக்கு வரவேற்பு. கட்டிலில் இருந்து அக்கா கேட்டாள், “தமிழ்நாடு வந்தாச்சா பிள்ளே? சோறு வைக்கப் போனா தமிழ்நாடு, துணி காயப்போட வந்தா கேரளம். எனக்கொரு பாஸ்போர்ட்டு எடுத்துத் தா.” சிரித்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. நான் பட்டனை அமுக்கினேன். உடனே பச்சை டிக். வீட்டுக்கு வந்து சர்வரில் பார்த்தால், சேவை எல்லைக்கு வெளியே என்று அந்தக் கேட்பு தள்ளப்பட்டிருக்கிறது. அன்றைக்கு அவள் கேட்டதும் அதே மாதிரி தள்ளப்பட்டிருக்கிறது. உன் கோடிங்கைத் திறந்தேன். தள்ளிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எழுத வேண்டிய இடத்தில் இரண்டு அடைப்புக்குறி, நடுவில் ஒன்றுமில்லை. பிழை வந்தால் யாரிடமும் சொல்லாதே, டேஷ்போர்டிடமும் சொல்லாதே, பச்சையைக் காட்டு. உன் டேஷ்போர்டு சுத்தமாக இருந்ததற்குக் காரணம் அதுதான். பிழைகள் வாயைத் திறக்க நீ இடமே வைக்கவில்லை.

இதை உன் முன்னால் வைத்தபோது முதலில் நெட்வொர்க் என்றாய். வரியைக் காட்டினபோது, “லாஞ்ச் பண்ணின ஆப்புல பக் வராம இருக்குமா? எல்லாருக்கும் வரும்மா” என்றாய். வரும். எனக்கும் வந்திருக்கிறது, இன்னும் வரும். பிழை வந்ததற்காக உன்னை லில்லி அக்கா முன்னால் போய் நில் என்று நான் சொல்லவில்லை. பிழை வந்ததை மறைக்கிற மாதிரி எழுதிவிட்டு, மாமி அமுக்கவே இல்லை என்று சொன்னாயே, அதற்காகப் போய் நில் என்றேன். “நாளைக்குப் போறேன்.” மறுநாளும் நாளைக்குத்தான்.

பத்து வயதில் நீ செய்த ஒரு வேலையைக் குடும்பத்தில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அறுப்பின் பண்டிகைக்கு வீடு நிறைய ஆட்கள். மாடிக்குப் போய் டேங்க் நிறைந்ததா என்று பார்த்து வா என்றேன். நீ டிவி முன்னால் இருந்து அசையாமல், “நெறஞ்சு வழியுதும்மா” என்று கத்தினாய். நான் மோட்டாரை நிறுத்திவிட்டேன். சித்தப்பா முகம் முழுக்க சோப்போடு குளிமுறியிலிருந்து, “எலே, வழிஞ்ச தண்ணி எங்கடே?” என்று விளித்தார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இப்போது உன் அப்பா, அன்றைக்கே நீ கண்டித்திருந்தால் என்று தொடங்குகிறார். அந்தப் பழியை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். பத்து வயதுப் பிள்ளை மாடி ஏறச் சோம்பல்பட்டால் அம்மா சிரிக்கத்தான் செய்வாள். இப்போது உனக்கு மீசை உண்டு, ஆபீஸ் உண்டு, கழுத்தில் மாட்டுகிற அடையாள அட்டை உண்டு. மாடி ஏற வேண்டியது உன் கால்.

நீ ஊரை விட்டுப் போன அன்று பாறசாலை ஸ்டேஷனுக்கு ஷிபுவின் வண்டியிலேயே போனாய். எனக்கு அதில் ஒரு ஆசை இருந்தது. வழி லில்லி அக்கா வீட்டு வாசல் வழியாகத்தான். அவள் அப்போது சிட்அவுட்டில் நாற்காலி போட்டு உட்காரத் தொடங்கியிருந்தாள். உன்னை இறக்கிவிட்டுத் திரும்பி வந்த ஷிபுவிடம், அங்கே வண்டியை நிறுத்தினாயா என்று கேட்டேன். அவன் சாவியைத் தடவிக்கொண்டே நின்றான். “ஞான் ஸ்லோ ஆக்கி சேச்சி. ஏகதேசம் நிப்பாட்டினேன். லில்லி சேச்சி கையக் காட்டுது. இவன் போன்லேந்து தல பொக்கல்ல. பின்னே ஞான் என்ன சொல்ல?” என்றான். நீ அவளைப் பார்க்கவில்லை என்று ஷிபு நினைக்கிறான். தலையைத் தூக்காத ஆள் பார்க்காத ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் உன்னைப் பெற்றவள்.

அப்புறம் ஒரே ஒரு தடவை நீயாகக் கூப்பிட்டாய். மாமியைப் பற்றிக் கேட்கப் போகிறாய் என்று எடுத்தேன். “அம்மா, ஆப்ப எடுத்துராத கேட்டியா, இங்க எல்லாருக்கும் லிங்க் குடுத்திருக்கேன்” என்றாய். மாமி எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. நான், “எடுக்கல்ல” என்று மட்டும் சொல்லி வைத்தேன். எடுக்கவில்லைதான். நீ அனுப்பின பதிப்பைத் தூக்கிவிட்டு, முதலில் என் பழைய பதிப்பைத் திரும்ப ஓட வைத்தேன். எரிகிற வீட்டில் நின்று கோலத்தைத் திருத்தக் கூடாது. அது அடங்கின பிறகு ஒவ்வொன்றாக மாற்றினேன், ஒன்றை மாற்றிச் சோதித்த பிறகுதான் அடுத்தது. மாநிலம் பார்க்கிற வரியை எடுத்துவிட்டு வீட்டு விலாசத்தைப் பார்க்கச் செய்தேன். அந்த வெறும் அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டியதை எழுதினேன். இப்போது கேட்பு தள்ளப்பட்டால் திரை சிவப்பாகி, ‘வண்டி இல்லை, ஷிபுவைக் கூப்பிடு’ என்று தமிழிலும் மலையாளத்திலும் சொல்லும், எனக்கும் செய்தி வரும். ஷிபு ‘வாறேன்’ அமுக்கினால் கேட்டவர் போனில் ஒரு மணி அடித்து நிற்கும். ஒரே மணி. சோதிக்கிறதற்கு லில்லி அக்காவின் அடுக்களையில் போய் நின்றேன்.

மணி அடித்தது. அக்காவிடம் காட்டினேன். “கொள்ளாம், நல்லாருக்கு” என்றாள். மறுநாள் டயாலிசிஸ். ஆப்பில் அமுக்கினாள், மஞ்சள் வந்தது, மணி அடித்தது, பச்சை ஆனது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், ஷிபுவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தாள். அவன் திருப்பிக் கொடுத்தான். அதற்குப் பிறகுதான் போனைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். இனி அவள் எப்போதும் அப்படித்தான் செய்வாள். என் ஆப் எத்தனை வருஷம் ஒழுங்காக ஓடினாலும் அவள் திரும்ப அந்தப் பச்சையை மட்டும் நம்பி ரோட்டில் வந்து நிற்க மாட்டாள். நீ கெடுத்ததில் என்னால் சரிசெய்ய முடியாமல் போனது அது ஒன்றுதான். அது கோடிங்கில் இல்லை.

ஆப்பின் கடைசிப் பக்கத்தில் செய்தவர்கள் என்று நம் இரண்டு பேர் பெயரும் இருந்தது. உன் பெயரை எடுத்துவிட்டேன். உன் ஆபீஸில் யாராவது பார்த்துக் கேட்டால், என்ன சொல்ல வேண்டும் என்று நீயே யோசித்துக்கொள். அதற்கும் ஒரு பச்சை டிக் போட உன்னால் முடியும்.

லில்லி அக்காவின் நம்பர் உன்னிடம் உண்டு. பேச வாய் வராது என்று எனக்குத் தெரியும், அதனால் பேசச் சொல்லவில்லை. ஒரு மிஸ்டு கால் கொடு. அவளுக்கு உன் நம்பர் தெரியும், ‘நிக்கர் பயல்’ என்று போட்டு வைத்திருக்கிறாள். அவளுக்குத் தோன்றினால் திருப்பிக் கொடுப்பாள். அன்றைக்கே கொடுப்பாளா, அடுத்த மாதம் கொடுப்பாளா, கொடுக்கவே மாட்டாளா என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கும் தெரியாது. நீ போனைக் கையில் வைத்துக்கொண்டு நில். அவள் அந்த ரோட்டில் நின்ற மாதிரி நில். மணி அடித்தால் உன் பெயரைத் திரும்பப் போடுகிறேன். அதுவரைக்கும் உன் பக்கம் மஞ்சள்தான் மக்கா.

அம்மா